கூப்பிடு தொலைவும் கையடக்க வானொலியும்: கிந்தாப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரலாறு

குரல் எட்டும் எல்லையையே தொலைவுக்கு அளவாகக் கொண்டது தமிழ் வழக்கு. 500 கோல் ஒரு கூப்பீடு, நான்கு கூப்பீடு ஒரு காதம் என்பது பழைய வாய்பாடு. ‘கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது’ என்று நாம் இன்றும் சொல்கிறோம். வாய்பாடு அதை 500 கோல் என்று வரையறுத்தாலும், உண்மையான கூப்பிடு தொலைவு இடத்துக்கு இடம் மாறும் என்பதை அச்சொல்லை வழங்கியவர்கள் அறிந்தேயிருப்பர். மேட்டில் நின்று கூப்பிட்டால் ஒரு தொலைவு, பள்ளத்தில் நின்று கூப்பிட்டால் வேறொரு தொலைவு. நடுவில் ஒரு பாறை நின்றால் அருகிலிருப்பவருக்கும் கேளாது.

கையில் ஏந்திப் பேசும் சிறு வானொலிக்கும் இதே விதிதான். வணிக நோக்கமின்றி, உரிமம் பெற்று, ஆர்வத்தால் வானொலித் தொடர்பைப் பயில்வோரை உலகம் அமெச்சூர் வானொலியாளர் என்றும் ‘ஹாம்’ என்றும் அழைக்கிறது. அவர்கள் கையிலுள்ள கருவியின் எட்டும் தொலைவை எப்படிக் கூட்டுவது என்னும் கேள்வி வெறும் தொழில்நுட்பக் கேள்வியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சில முக்கியமான பக்கங்கள் நம் பேராக் மாநிலத்தில், நாம் அன்றாடம் கடந்துசெல்லும் சாலைகளிலேயே நிகழ்ந்துள்ளன. அவற்றை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். ஈப்போவுக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிம்பாங் பூலாய். மலாய் மொழியில் ‘சிம்பாங்’ என்றால் சந்தி. தெற்கே கோப்பெங், கம்பார் நோக்கிச் செல்லும் பழைய பெருஞ்சாலையும், கிழக்கே கேமரன் மலைக்கு ஏறும் சாலையும் இங்கே பிரிகின்றன. கிழக்கில் திதிவங்சா மலைத்தொடர் சுவர்போல் எழுகிறது. மேற்கில் கிளேடாங் மலைத்தொடர். இரண்டுக்கும் இடைப்பட்ட சமவெளியே கிந்தாப் பள்ளத்தாக்கு. அச்சமவெளியினின்றும் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள் சிம்பாங் பூலாயைச் சுற்றிலும் உள்ளன. அவற்றைப் பளிங்குக்காகவும் சுண்ணாம்புக்காகவும் வெட்டியெடுக்கும் கற்சுரங்கங்களையும் நாம் காண்கிறோம். ஈயச் சுரங்கங்களும் இரப்பர்த் தோட்டங்களும் வாழ்வளித்த நிலம் இது. தமிழர் பால் வெட்டி வாழ்ந்த தோட்டங்கள் பல இன்று வீட்டு மனைகளாகவும் எண்ணெய்ப்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. குன்றுகளின் இடமோ மாறவில்லை. வானொலி அலைக்கு அன்று எது தடையாக இருந்ததோ அதுவே இன்றும் தடை.

கையடக்க வானொலிகள் பெரும்பாலும் 144 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் இயங்குகின்றன. இவ்வலைகள் ஏறத்தாழ ஒளியைப்போல் நேர்க்கோட்டில் செல்பவை. நிலத்தின் வளைவைத் தொடர்ந்து நெடுந்தொலைவு வளைந்து செல்லமாட்டா. ஆதலின் தொலைவை முதலில் வரையறுப்பது தொடுவானம். அலைக்கம்பியின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஒருவர் கருவியைத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் வாயருகே பிடித்து நிற்கிறார் எனில் அவருடைய தொடுவானம் 5 கிலோமீட்டர்தான். அதே உயரத்தில் நிற்கும் இன்னொருவருடன் பேச, இருவர் தொடுவானத்தையும் கூட்டினால் 10 கிலோமீட்டர். இதுவும் மரமோ கட்டடமோ குன்றோ இல்லாத வெட்டவெளிக் கணக்கு. அலைக்கம்பியை 9 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அவருடைய பங்கு 12 கிலோமீட்டருக்குச் சற்று மேலாகும். 800 மீட்டர் உயரமுள்ள கிளேடாங் உச்சியில் அதை நிறுத்தினால் ஏறத்தாழ 116 கிலோமீட்டர். கருவி ஒன்றே, மின்கலமும் ஒன்றே. உயரம் ஒன்றுதான் மாறியது.

இந்த எளிய கணக்கைத் தெரிந்துகொண்டு வரலாற்றுக்குள் நுழைவது நல்லது.

போருக்கு முன்

மலாயாவுக்கு வானொலியைக் கொண்டுவந்தவர்கள் அமெச்சூர்களே. 1921இல் ஜொகூர் அரசின் மின்பொறியாளரான ஏ. எல். பர்ச் என்பவர் முதல் வானொலிக் கருவியைத் தருவித்து, ஜொகூர் வானொலிச் சங்கத்தை அமைத்தார் என்பது ஒலிபரப்பு வரலாற்றில் வழக்கமாகக் கூறப்படும் செய்தி. 1930 அளவில் மலாயா அமெச்சூர் வானொலிச் சங்கம் கோலாலம்பூரின் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. ‘புக்கிட்’ என்றால் குன்று என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும். உயரத்தைத் தேடுவது தொடக்க நாளிலேயே இருந்த பழக்கம்.

அந்நாளைய அமெச்சூர்கள் தோட்டத் துரைமாரும் அரசுப் பொறியாளரும் படைவீரருமாகிய ஐரோப்பியர்களாகவே பெரும்பாலும் இருந்தனர். தோட்டத் தொழிலாளிக்கு வானொலி என்பது துரை பங்களாவிலிருந்து மாலையில் கசியும் ஓசை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கருவி யாருக்கு உரியது, யாருக்கு உரியதன்று என்னும் கோடு அன்று எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதைக் குறிக்கிறோம். அக்கோட்டைப் போர் கலைத்தது.

பாப்பானில் ஒரு வானொலி

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அம்மாத இறுதிக்குள் ஈப்போ வீழ்ந்தது. ஆக்கிரமிப்பு ஆட்சியில் வெளிநாட்டுச் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்பது கடுங்குற்றம். சிற்றலை என்பது கையடக்க வானொலியின் அலைவரிசையினின்றும் முற்றிலும் வேறான இயல்புடையது. அது மேலே சென்று, நிலத்துக்கு மேல் 100 கிலோமீட்டர் முதல் 400 கிலோமீட்டர் வரை பரந்துள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கண்டங்களையும் கடல்களையும் தாண்டி விழுவது. திதிவங்சாவும் கிளேடாங்கும் அதற்கு ஒரு பொருட்டல்ல. இலண்டன் பி.பி.சி. பேசுவது பள்ளத்தாக்கில் கேட்டது அதனால்தான்.

கிளேடாங் மலைத்தொடரின் அடிவாரத்தில், பத்து காஜாவுக்கு அருகிலுள்ள சிற்றூர் பாப்பான். அங்கே 74ஆம் எண் கடைவீட்டில் மருந்தகம் நடத்திக்கொண்டு, இரகசியமாக வானொலி கேட்டவர் சிபில் கார்த்திகேசு. 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்த ஐரேசியப் பெண்மணி. அவருடைய கணவர் மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசு இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்டவர். இருவரும் ஈப்போவின் புரூஸ்டர் சாலையில் மருத்துவமனை நடத்தியவர்கள். ஆக்கிரமிப்புக்கு முன்பே பாப்பானுக்குக் குடிபெயர்ந்த சிபில், காட்டிலிருந்து இரவில் இறங்கிவந்த எதிர்ப்புப் படையினருக்கு மருத்துவம் பார்த்தார்; வானொலியில் கேட்ட செய்தியை நம்பிக்கைக்குரியோர்க்குச் சொன்னார்.

1943இல் அவரைக் கைது செய்தனர். எதிரியின் ஒற்றர்களோடு உறவு, காட்டுப் படையினருக்கு மருத்துவ உதவி, வானொலி வைத்திருந்து எதிரியின் செய்தியைப் பரப்பியமை ஆகியவை அவர்மேல் சாற்றிய குற்றங்கள். கெம்பெய்தாய் என்னும் படைக்காவலர் அவரைச் சொல்லொணாச் சித்திரவதைக்கு உள்ளாக்கினர். அவருடைய சிறு மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டி அச்சுறுத்தினர். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்தபின் பத்து காஜாச் சிறையிலிருந்து விடுதலை பெற்று, சிகிச்சைக்காகப் பிரித்தானியா சென்றார். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூன் 12 அன்று ஸ்காட்லாந்தில் காலமானார். அவருடல் பின்னர் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய நினைவுக் குறிப்புகள் 1954இல் நூலாக வெளிவந்தன.

சிபிலின் கருவி கேட்க மட்டுமே வல்லது, பேசாது. கேட்கும் கருவி வானில் தடம் விடுவதில்லை என்றே சொல்லலாம். ஆனால் அதைக் கேட்டவர் பிறரிடம் சொல்கிறார். அந்தச் சொல் மனிதரிடமிருந்து மனிதருக்குச் செல்கிறது. தடம் அங்கேதான் விழுகிறது. இலண்டனிலிருந்து பாப்பான்வரை பல்லாயிரம் கிலோமீட்டரை அலை எளிதாகக் கடந்தது. பாப்பானிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும் சில கிலோமீட்டரே உயிரை விலையாகக் கேட்டது.

எதிர்ப்புப் படையினருடன் சேர்ந்து இயங்கிய 136ஆம் படைப்பிரிவின் கதை இதன் மறுபக்கம். 1943 மே மாதத்தில் ஜான் டேவிஸும் அவருடன் வந்த சீன முகவர்களும் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கடற்கரையில் இறங்கினர். அவ்வாண்டின் பிற்பகுதியில் லிம் போ செங் வந்து சேர்ந்தார். அவர்களுக்கென வந்த வானொலிக் கருவிகள் மின்கலங்களோடும் மின்னாக்கியோடும் சேர்த்துப் பெருஞ்சுமையானவை. காவல் மிகுந்த சமவெளியைக் கடந்து அவற்றைப் பீடோர் அருகிலுள்ள மலைக்காட்டு முகாமுக்கு ஏற்றுவது அப்போது இயலவில்லை. மறைத்து வைக்க நேர்ந்தது. இலங்கையிலிருந்த தலைமையிடத்துடன் காட்டு முகாம் வானொலித் தொடர்பு பெற்றது 1945இன் தொடக்கத்தில்தான். ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக ஊமையாகவே இருந்தது அம்முகாம்.

வானொலி இல்லாத இடத்தில் செய்தி காலால் நடக்கவேண்டியிருக்கிறது. ஈப்போவில் இயங்கிய ஒற்றர் வலையமைப்புக்காக மலையிலிருந்து இறங்கிய லிம் போ செங், 1944 மார்ச் இறுதியில் கோப்பெங் சாலைத் தடையில் பிடிபட்டார். கோப்பெங்கிலிருந்து ஈப்போ செல்லும் பெருஞ்சாலை நம் சிம்பாங் பூலாய்ச் சந்தியைக் கடந்தே செல்கிறது. ஈப்போவிலிருந்த கெம்பெய்தாய் நிலையத்திலும் பின்னர் பத்து காஜாச் சிறையிலும் அவர் துன்புற்று, 1944 ஜூன் 29 அன்று உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 35. எளிதில் தூக்கிச் செல்லத்தக்க கருவி ஒன்று அவரிடம் இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆயினும், கருவியின் எடையும் எட்டும் தொலைவும் மனித உயிரோடு பிணைந்தவை என்பதை வகுப்பறையில் விளக்க இதைவிட அருகில் ஓர் எடுத்துக்காட்டு கிடையாது.

அதே ஆண்டில் ஐரோப்பாவில் நடந்த ஒன்றை இங்கே ஒப்பிட்டுக் காணலாம். அமெரிக்க உளவுத்துறை ‘ஜோன்–எலினோர்’ என்னும் தொடர்பு முறையை வகுத்தது. தரையிலிருக்கும் முகவர் கையில் ஏறத்தாழ 260 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மிகச் சிறிய கருவி. மேலே 9 கிலோமீட்டர் அளவு உயரத்தில் வட்டமிடும் வானூர்தியில் மறுகருவி. இடையில் தடையில்லாமையால் மிகக் குறைந்த ஆற்றலே போதுமானதாயிற்று. கீழே சில தெருக்களுக்கு அப்பால் காத்திருக்கும் எதிரியின் செவிக்கோ அது எட்டவில்லை. இம்முறைக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் ஆல் கிராஸ் என்னும் இளம் அமெச்சூர். கையடக்க வானொலியின் தந்தையருள் ஒருவராக அவரைக் கருதுவர். கனடாவின் டொனால்டு ஹிங்ஸ் என்பவரும் 1937 அளவிலேயே சுரங்க நிறுவனத்தின் பணிக்காகத் தூக்கிச் செல்லும் வானொலியை உருவாக்கினார். மோட்டோரோலாவின் எஸ்.சி.ஆர்.-536 என்னும் கைக்கருவி 1941இல் வந்தது. ஐந்து வெற்றிடக் குழாய்களும் ஐந்து பவுண்டு எடையும் கொண்ட அதன் எட்டும் தொலைவு தரையில் ஏறத்தாழ ஒரு மைல். முதுகில் சுமக்கும் எஸ்.சி.ஆர்.-300 மூன்று மைல் எட்டியது. ‘வாக்கி-டாக்கி’ என்னும் பெயர் முதலில் முதுகுச் சுமைக் கருவிக்கே உரியதாக இருந்து, பின்னரே கைக்கருவிக்கு வந்தது. நம் ஊர்ப் பேச்சு வழக்கும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

சிங்கப்பூரில் கிடைத்த குறிப்பேடு

போர்க்காலக் கதைகளுள் ஒன்றை மாணவர்கள் விரும்பிக் கேட்பர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியர் பிரித்தானியத் தொழில்நுட்ப வீரர் ஒருவரின் ரேடார்க் குறிப்பேட்டைக் கைப்பற்றினர். அதில் அலைக்கம்பியைப் பற்றி எழுதியிருந்த இடங்களில் ‘யாகி’ என்னும் சொல் மீண்டும் மீண்டும் வந்தது. ஜப்பானியப் பொறியாளருக்கு அச்சொல் விளங்கவில்லை. கைதியாயிருந்த அவ்வீரரைக் கேட்டபோது, ‘அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்’ என்பதே கிடைத்த விடை. 1926இல் செண்டாயிலிருந்த தோஹோக்குப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உதாவும் ஹிதெத்சுகு யாகியும் வெளியிட்ட ஆய்வு, சொந்த நாட்டில் போதிய கவனம் பெறாமல் எதிரியின் கையில் ஆயுதமாயிற்று.

ஒரே குறுக்குத் தண்டில் சில உலோகக் கோல்களை இணையாகப் பொருத்தி, அலையை ஒரு திசையில் குவிப்பது யாகி–உதா அலைக்கம்பியின் செயல். நம் வீட்டுக் கூரைகளின்மேல் மீன்முள்போல் நின்ற தொலைக்காட்சிக் கம்பி அதுவே. இன்றைய அமெச்சூர் பழைய இரும்பு அளவுநாடாவின் துண்டுகளையும் நெகிழிக் குழாயையும் கொண்டு மூன்று கோல் யாகியை அரைநாளில் செய்துவிடுகிறார். கைக்கருவியுடன் அதை இணைத்தால், குறித்த திசையில் அதன் விளைவு ஆற்றலைப் பன்மடங்கு கூட்டியதற்கு ஒப்பாகும். திசை தெரியாமல் திருப்பினால் பயனில்லை என்பதும் உண்மை.

நெருக்கடிக் காலமும் காடும்

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டனர். அவசரகாலச் சட்டம் பிறந்தது, 1960வரை நீடித்தது. காட்டோரத் தோட்டங்கள் பல தனித்தீவுகளாயின. தொலைபேசிக் கம்பியை வெட்டுவது எளிது. ஆகவே காவல் நிலையங்களும் தோட்டங்களும் கம்பியில்லாத் தொடர்பை நாடின. காட்டுக்குள் சென்ற படைப்பிரிவுகளோ விரைவில் ஒரு கசப்பான உண்மையைக் கண்டன. மீயுயர் அலைவரிசைக் கருவி மழைக்காட்டுக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தாண்டவே திணறியது. ஈரம் செறிந்த இலையும் கிளையும் அடிமரமும் அலையை உறிஞ்சுகின்றன, மலைமடிப்புகள் மறைக்கின்றன.

அதற்கு அவர்கள் கண்ட வழி வியப்புக்குரியது. உயரத்தை விட்டு, அலைக்கம்பியை வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டினர். சிற்றலையில், ஏறத்தாழ 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ்வரை, நீண்ட கம்பியை இரு மரங்களுக்கிடையே கிடையாகக் கட்டினால் அலை நேர்மேலே எழும். அயனி மண்டலத்தில் பட்டு, சில நூறு கிலோமீட்டர் வட்டத்தில் மழைபோல் விழும். மலை எத்தனை உயரமாயினும் அது மேலிருந்து விழும் அலையை மறைக்கமுடியாது. 62ஆம் எண் கருவியும் ஆஸ்திரேலியாவின் ஏ-510 கருவியும் இவ்வகைப் பணிக்குப் பயன்பட்டன. இரவில் அலைவரிசையைக் குறைக்கவேண்டும் என்பதையும் பகலில் கூட்டவேண்டும் என்பதையும் அறிந்தவரே நல்ல இயக்குநர். ‘உயரே வை’ என்பது ஒரு அலைவரிசைக்குப் பொருந்தும் அறிவுரை, எல்லாவற்றுக்கும் பொருந்துவதன்று. பாடநூல்களில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாக இடம்பெறவேண்டும் என்பது நம் கருத்து.

நெருக்கடிக் காலத்தில்தான் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவில் அமர்ந்து கேட்கும் வானொலிப் பெட்டிகள் பரவின. தமிழ் ஒலிபரப்பு லயங்களின் முற்றத்துக்கு வந்தது. துரையின் பங்களாவிலிருந்து கசிந்த ஓசை பத்தாண்டுக்குள் தொழிலாளியின் சொந்த மாலைப்பொழுதாயிற்று. அரசு தன் செய்தியைச் சொல்லவே அதைக் கொணர்ந்தது. மக்கள் அதில் பாட்டும் நாடகமும் கேட்டனர்.

கைக்குள் அடங்கிய காலம்

திரிதடையம் 1947இல் பிறந்தபின் கருவி சுருங்கத் தொடங்கியது. 1980இல் ஐகாம் நிறுவனத்தின் ஐசி-2 வரிசை வந்தபோது, அமெச்சூர் ஒருவர் 144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுவதையும் சட்டைப்பைக்கருகில் வைத்துக்கொள்ள முடிந்தது, ஆற்றல் 1.5 வாட். 2012 அளவில் வந்த பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற சீனக் கருவிகள் 5 வாட் ஆற்றலை எளிய விலைக்குத் தந்தன. ஆனால் கருவி மலிந்த அளவுக்கு எட்டும் தொலைவு வளரவில்லை. பெட்டியில் அச்சிட்ட தொலைவை நம்பி வாங்கியவர் அடுத்த குன்றின் பின்னாலேயே ஏமாறுகிறார்.

முதற் காரணம் அலைக்கம்பி. 1958இல் ரிச்சர்டு ஜான்சன் என்னும் மாணவர் வடிவமைத்த, சுருளாகச் சுற்றிய குட்டைக் கம்பியே இன்றும் கருவிகளோடு வருகிறது. ‘இரப்பர் வாத்து’ என்பது அதன் செல்லப்பெயர். (இரப்பர் நாட்டில் இருக்கும் நமக்கு அப்பெயர் இனிக்கலாம், அதன் உறையில் நம் தோட்டத்துப் பால் இருப்பது அரிது.) வளையும், முறியாது, பையில் அடங்கும், அலையை வீசுவதில் மட்டும் மெலிந்தது. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர். கால் அலைநீளக் கம்பி சுமார் 49 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அதைச் சாணளவுக்குச் சுருக்கினால் விலை கொடுத்தே ஆகவேண்டும்.

கால் அலைக் கம்பிக்குக் கீழே ஒரு தரை வேண்டும். கைக்கருவியில் அத்தரை, கருவியின் உடலும் அதைப் பிடித்த மனிதரின் கையுமே. அலைக்கம்பியின் அடியில், வெளிப்புற உலோகத்தோடு இணைத்து, 49 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பி ஒன்றைத் தொங்கவிட்டால் தரையின் குறை பெரிதும் நீங்கும். அமெச்சூர்கள் இதைப் ‘புலிவால்’ என்பர். செலவு சில காசு. பிடித்தவர் விடமுடியாத புலிவாலன்று இது. கழற்றிப் பைக்குள் சுருட்டலாம்.

அதைவிட மேலானது செப்பலின் வான்கப்பல்களிலிருந்து வந்த வழிமுறை. நிலத்தில் பதியாமல் காற்றில் மிதக்கும் கப்பலுக்கு, தரையை வேண்டாத அரை அலைநீளக் கம்பி தேவைப்பட்டது. அதன் வழித்தோன்றலே ஜே வடிவக் கம்பி. மலேசியாவில் 1963 இறுதியில் தொலைக்காட்சி தொடங்கியபின் வீடுகளில் புழங்கிய தட்டை இரட்டைக் கம்பி இருக்கிறதல்லவா, அதை ஒன்றரை மீட்டர் அளவு வெட்டி, அடிப்பகுதியில் உரிய இடத்தில் இணைப்புக் கொடுத்தால் சுருட்டி எடுத்துச் செல்லும் ஜே கம்பி ஆயத்தம். ஒரு நூலில் கட்டி மரக்கிளையில் ஏற்றிவிடலாம். இங்கே உயரமும் நல்ல கம்பியும் ஒன்றுசேர்கின்றன. ஆனால் கருவிக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள இணைப்பு வடத்தை மறக்கலாகாது. மெல்லிய ஆர்.ஜி.-58 வடம் 10 மீட்டர் நீண்டால், இந்த அலைவரிசையில் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வடத்திலேயே வெப்பமாகிவிடும். 430 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கு மேல் போய்விடும். ஏற்றிய உயரத்தின் பயனை வடம் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது இயக்குநரின் கடமை.

ஆற்றலைக் கூட்டினால் என்ன என்று கேட்போர் உண்டு. உண்மையில் பெரும்பாலோர் முதலில் கேட்பது அதையே. தரையோடு ஒட்டிச் செல்லும் அலை, தொலைவு இருமடங்கானால் பதினாறில் ஒரு பங்காகத் தேய்கிறது. ஆகவே 1 வாட்டை 5 வாட்டாக்கினால் தொலைவு ஐந்து மடங்காகாது. ஒன்றரை மடங்குதான் ஆகும். மின்கலமோ விரைவில் தீரும். அதற்கு மேற்பட்ட பெருக்கிகளைச் சேர்ப்பது உரிம எல்லையை மீறவும் பிறர் தொடர்பைக் கெடுக்கவும் வழிவகுக்கும். ஆற்றலைக் கூட்டுவது கடைசியில் செய்யவேண்டியது என்பதே நம் துணிபு. முதலில் இரண்டடி நகர்ந்து பார்க்கவேண்டும். சுண்ணாம்புக் குன்றுகளில் பட்டுத் தெறிக்கும் அலைகள் ஒன்றையொன்று ஓரிடத்தில் வலுப்படுத்தும், அரை மீட்டருக்கு அப்பால் அழிக்கும். சிம்பாங் பூலாய் போன்ற இடத்தில் அசையாமல் நின்று கத்துவதைவிட நகர்ந்து கேட்பது பயன் தரும்.

மலையுச்சியை வாடகைக்கு எடுப்பதுபோன்ற வழி ஒன்றும் உண்டு. மறுபரப்பி நிலையம் என்று அதைத் தமிழில் வழங்கலாம். 1950களில் லாஸ் ஏஞ்சலிஸ் மலைகளில் ஆர்தர் ஜென்ட்ரி என்னும் அமெச்சூர் நிறுவியது இவ்வகையின் முன்னோடி. ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே கணத்தில் இன்னோர் அலைவரிசையில், பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, உயரத்திலிருந்து மீண்டும் சொல்லும் கருவி அது. பள்ளத்தாக்கின் இரு கோடியிலிருப்போர் ஒருவரையொருவர் காணமுடியாமற்போகலாம். இருவரும் ஒரே சிகரத்தைக் காணமுடிந்தால் போதும். மேற்கே கிளேடாங்கும் கிழக்கே 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் சிகரமும் கோபுரங்களைத் தாங்கி நிற்பது இயற்கை அளித்த இவ்வசதியினால்தான். ஆனால் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் சில வளைவுகளைக் கடந்ததும் கிளேடாங் மறைகிறது. மண்சரிவுக்குப் பெயர்பெற்ற அச்சாலையில் கைப்பேசியும் பல இடங்களில் ஊமையாகும். நம் பகுதி வானொலியாளர் எட்டும் தொலைவைப் பற்றி இத்தனை கவலைகொள்வது ஏன் என்பதற்கு அச்சாலையே விடை.

2004 டிசம்பரில் அந்தமானின் போர்ட் பிளேரில் அமெச்சூர் வானொலிப் பயணமாகத் தங்கியிருந்த பாரதி பிரசாத் குழுவினர், ஆழிப்பேரலை அடித்த 26ஆம் நாளன்று மற்றத் தொடர்புகள் அறுந்தபோது தம் நிலையத்தை மீட்புச் செய்திக்கு ஒப்படைத்தனர். தீவிலிருந்து பெருநிலத்துக்குச் சிற்றலைதான் எட்டியது. தொலைவுக்கேற்ற அலையை முன்கூட்டியே பழகியிருந்தமையே அவர்களுக்குக் கைகொடுத்தது.

மலேசியாவில் இன்று தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்தும் தேர்வில் தேறியவரே அமெச்சூர் வானொலியில் பேசலாம். தீபகற்பத்தில் உயர்நிலை உரிமத்தாரின் அழைப்புக்குறி 9எம்2 என்றும் அடுத்த நிலையினர்க்கு 9டபிள்யூ2 என்றும் தொடங்குவது வழக்கம். கையடக்கக் கருவியோடு தொடங்குவோர் பெரும்பாலும் இரண்டாம் நிலையினர். தேர்வுக்கு வேண்டிய மின்னியலும் அலையியலும் இடைநிலைப்பள்ளி மாணவரின் அறிவுக்கு அப்பாற்பட்டவை அல்ல. தமிழில் இத்துறைச் சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. அலைக்கம்பி, உணர்கொம்பு, வானலை வாங்கி என்று ஒரே பொருளுக்குப் பல பெயர். தோட்டத்து முதியவர்களிடம் கேட்டால் ‘ஏரியல்’ என்று முடித்துவிடுவர். சொல் எதுவாயினும் ஒன்றை எடுத்துக் கையாண்டு பழகுவதே அதை நிலைநிறுத்தும் வழி.

உரிமம் இல்லாத மாணவரும் செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. சாதாரணப் பண்பலை வானொலியின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். 2 மீட்டர் அமெச்சூர் அலையும் அதுவும் மலைக்குமுன் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. சிறு பண்பலை வாங்கி ஒன்றை எடுத்துக்கொண்டு, வலுக்குறைந்த ஒரு நிலையத்தைத் தேர்ந்து, சிம்பாங் பூலாய்ச் சந்தியிலிருந்து குன்றின் அடிவாரத்தைச் சுற்றி நடக்கவேண்டும். நூறு அடிக்கு ஒருமுறை நின்று, தெளிவு, இரைச்சல், மௌனம் என மூன்றே குறிகளால் நிலப்படத்தில் குறிக்கவேண்டும். மழைக்குப் பின் ஒருநாளும், இரப்பர் இலையுதிர்க்கும் மாதத்தில் ஒருநாளும் அதே வழியை மீண்டும் நடக்கலாம். மூன்று படங்களையும் வகுப்பறைச் சுவரில் அருகருகே ஒட்டி, குன்றின் நிழல் எங்கே விழுகிறது என்று மாணவர்களையே கோடு வரையச் சொல்லலாம்.